இரை எடுக்காமல் நிற்கும் ஆடு: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

பட்டியில் ஒரு ஆடு மட்டும் தலையைத் தொங்கப் போட்டு ஒதுங்கி நின்றால், நம்மில் பலர் முதலில் செய்வது மருந்துக் கடைக்குப் போய் "பூச்சி மருந்து கொடுங்க" என்று கேட்பதுதான். பாதி நேரம் அது வீண் செலவு, சில நேரம் ஆபத்தும் கூட. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலவே தெரியும் இரண்டு நோய்களுக்கு வைத்தியம் வேறு வேறாக இருக்கும். அதனால் இங்கே நோயின் பெயரிலிருந்து தொடங்காமல், கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன். மானாவாரிக் காட்டில் பத்து முதல் ஐம்பது செம்மறி, கூடவே சில வெள்ளாடு, ஒன்றிரண்டு மாடு, கொஞ்சம் நாட்டுக்கோழி வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

எந்த அறிகுறியானாலும் முதலில் இவை

ஒரு ஆடா, பல ஆடுகளா என்று பாருங்கள். ஒன்று மட்டும் என்றால் அது தின்றதிலோ, காயத்திலோ, சினையிலோ காரணம் இருக்கும். இரண்டு நாளில் ஐந்தாறு படுத்தால் தொற்று நோயாகவோ, எல்லாம் சேர்ந்து தின்ற தீவனமாகவோ இருக்க வேண்டும். அடுத்து, கடந்த இரண்டு நாளில் என்ன மாறியது? புது மேய்ச்சல், புது மூட்டைத் தீவனம், சந்தையில் வாங்கிய புது ஆடு, முதல் மழை, வீட்டில் விசேஷம். பெரும்பாலும் விடை இந்தப் பட்டியலுக்குள்ளேயே கிடைத்துவிடும்.

பிறகு ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். செம்மறிக்கு 102 முதல் 103 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. வெயிலில் ஓடி வந்த ஆட்டுக்குச் சற்றுக் கூடும் என்பதால் நிழலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுப் பாருங்கள். 104-ஐத் தாண்டினால் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளலாம். 101-க்குக் கீழே போனால் அதைவிடக் கவலைப்பட வேண்டும். அப்புறம் கீழ் இமையை விலக்கி உள்ளே நிறம் பாருங்கள். புழுக்கை உருண்டையாக விழுகிறதா, கூழாக விழுகிறதா என்று பாருங்கள். இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் குழியில் கையை அழுத்தி வையுங்கள்: நல்ல ஆட்டுக்கு இரைப்பை நிமிடத்துக்கு ஒரு தடவையாவது அசைவது கையில் தெரியும். இவ்வளவையும் குறித்து வைத்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிட்டால் அவர் போனிலேயே பாதி முடிவுக்கு வந்துவிடுவார். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு எண் 1962.

இடது பக்கம் வயிறு வீங்கியிருக்கிறது

இங்கேதான் அவசரமும் அதிகம், தவறும் அதிகம். வயிறு உப்பியிருப்பதை வைத்து மட்டும் ஒரு முடிவுக்கும் வராதீர்கள். இடது பக்கக் குழியில் விரலால் தட்டியும் அழுத்தியும் பாருங்கள்.

மத்தளம் மாதிரி 'டம் டம்' என்று சத்தம் வந்து தோல் விறைப்பாக இருந்தால் அது வாயு உப்புசம். காலையில் பனி ஈரத்தோடு குதிரைமசாலையோ, தட்டைப்பயறுக் கொடியையோ வெறும் வயிற்றில் தின்ற ஆட்டுக்கு வரும். வாயு நுரையாகிச் சிக்கிக்கொள்வதால் ஏப்பமாக வெளியே வராது. ஆடு நின்றுகொண்டிருந்தால் முன்காலை மேடான இடத்தில் வைத்து நிறுத்துங்கள். பெரிய ஆட்டுக்கு 50 முதல் 100 மில்லி கடலெண்ணெயோ நல்லெண்ணெயோ மெதுவாகப் புகட்டுங்கள். எண்ணெய் நுரையை உடைக்கும். ஒரு வேப்பங்குச்சியைக் குறுக்காக வாயில் வைத்துக் கட்டினால் ஆடு மென்றுகொண்டே எச்சில் விழுங்கும், ஏப்பமும் வரும். பெரியவர்கள் செய்து வந்த இந்த முறைக்கு நல்ல பலன் உண்டு. இடது விலாவைத் தேய்த்துக்கொண்டே இருங்கள். ஆடு படுத்துவிட்டது, நாக்கு வெளியே தள்ளுகிறது என்றால் எதையும் புகட்டாதீர்கள். நுரையீரலுக்குப் போய்விடும். அப்போது மருத்துவர் ஊசியால் வாயுவை வெளியேற்றுவதுதான் வழி. பசுந்தீவனம் எதுவும் தின்னாத ஆடு திடீரென்று உப்பி, எச்சில் வடித்து, கழுத்தை நீட்டினால், மாங்கொட்டை மாதிரி ஏதாவது தொண்டையில் அடைத்திருக்கிறதா என்று கழுத்தின் இடது பக்கம் தடவிப் பாருங்கள்.

அழுத்தினால் பிசைந்த மாவு போல விரல் பதிகிறதா, இல்லை உள்ளே தண்ணீர் தளும்புகிறதா? பல்லை நறநறவென்று கடிக்கிறது, குடிகாரன் மாதிரித் தள்ளாடுகிறது, புளித்த வாடையோடு கழிகிறது என்றால் இது உப்புசம் கிடையாது, அமில நோய். கல்யாண வீட்டு எச்சில் சோறு, பொங்கல், மூட்டையிலிருந்து சிந்திய கம்பு, அரிசி, மக்காச்சோளம், கோழித்தீவன மூட்டையைக் கிழித்துத் தின்றது, இவைதான் காரணம். மாவுப் பொருள் இரைப்பையில் வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலமாகிறது. அது நுண்ணுயிர்களைக் கொன்று, உடம்பின் தண்ணீரை இரைப்பைக்குள் இழுத்துக்கொள்கிறது. எண்ணெயால் இங்கே ஒரு பயனும் இல்லை. பெரிய ஆட்டுக்கு 15 முதல் 20 கிராம் சமையல் சோடாவை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, தானியம் முழுவதையும் நிறுத்தி, காய்ந்த சோளத்தட்டையோ கடலைக்கொடியோ மட்டும் போடுங்கள். ஆடு எழுந்து நிற்கவில்லை என்றால் குளுக்கோஸ், சோடா இரண்டும் நரம்பு வழியாகவே ஏற வேண்டும், காத்திருக்காதீர்கள். பிழைத்த ஆட்டுக்கும் சில நாள் கழித்துக் குளம்பு சூடாகி நொண்டல் வரலாம்.

விசேஷ நாளில் மிச்சச் சோற்றைக் குப்பையில் கொட்டுவது மனசுக்கு வராது, தெரியும். மாட்டுக்கும் அதே தொந்தரவு வரும் என்பதால் அதன் தொட்டியிலும் கொட்டாதீர்கள். கோழிக்குப் போடுங்கள்.

இமை வெளுத்திருக்கிறது, தாடைக்குக் கீழே பை மாதிரித் தொங்குகிறது

கழிச்சல் இல்லை. இரை கூட எடுக்கிறது. ஆனால் மந்தையில் கடைசியாக நடக்கிறது, சாயங்காலம் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்குகிறது. இது பெரும்பாலும் ஹீமாங்கஸ் என்னும் ரத்தம் உறிஞ்சும் புழு. நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு புழு ஒரு நாளைக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். ஐந்தாயிரம் புழு இருந்தால் கால் லிட்டர். ஒரு பெண் புழு தினமும் ஐந்தாயிரம் முட்டைக்கு மேல் போடும். அந்த முட்டைகள் புழுக்கையோடு விழுந்து, ஈரமும் சூடும் இருந்தால் ஒரு வாரத்தில் தொற்றும் நிலைக்கு வந்து, பனித்துளி உள்ள புல் நுனிக்கு ஏறிவிடும். பனி காயும் முன்னே மேய்ச்சலுக்கு ஓட்டாதே என்று பெரியவர்கள் சொன்னதன் உள்விவரம் இது.

இமையின் நிறத்தை வைத்துத் தரம் பிரிக்கும் ஃபமாச்சா அட்டை தென்னாப்பிரிக்காவில் உருவானது. சிவப்பிலிருந்து வெள்ளை வரை ஐந்து படி. அட்டை கையில் இல்லாவிட்டாலும் தத்துவம் எளிது: நல்ல சிவப்பாக இருக்கும் ஆட்டை விட்டுவிடுங்கள், வெளுத்ததற்கு மட்டும் மருந்து கொடுங்கள். எல்லா ஆட்டுக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரே மருந்தை ஊற்றினால், அந்த மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டும் பெருகும். இப்போது பல ஊர்களில் "மருந்து கொடுத்தேன், கேட்கவில்லை" என்று புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் அளவு. கண்ணால் பார்த்து 15 கிலோ என்று நினைக்கும் ஆடு 22 கிலோ இருக்கும். ஒரு தூக்குத் தராசு வாங்கி வையுங்கள், பட்டிக்கு வாங்கும் பொருளிலேயே சீக்கிரம் பலன் தருவது அதுதான். கணக்கு எப்படி என்றால், ஆல்பெண்டசோல் என்னும் பூச்சி மருந்தைக் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் என்று மருத்துவர் எழுதினால், 20 கிலோ ஆட்டுக்கு 150 மில்லிகிராம் வேண்டும். பாட்டிலில் 2.5 சதவீதம் என்று இருந்தால் ஒரு மில்லியில் 25 மில்லிகிராம், ஆகவே 6 மில்லி. வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கரைத்து வெளியேற்றிவிடும், செம்மறி அளவு அதற்குப் போதாது. எவ்வளவு கூட்டுவது என்பதை மருத்துவரிடமே கேளுங்கள். இளஞ்சினை ஆட்டுக்கு ஆல்பெண்டசோல் வேண்டாம், குட்டி ஊனமாகப் பிறக்கலாம்.

ஏரிக்கரை, கால்வாய், நெல் தாளடிப் பக்கம் மேய்கிற ஆடு என்றால் இதே தாடை வீக்கத்துக்குக் கல்லீரல் தட்டைப்புழுவும் காரணமாகலாம். நத்தை வழியாக வருவது அது. சாதாரண அளவு ஆல்பெண்டசோலுக்கு இளம் தட்டைப்புழு சாகாது. ஐந்தாறு ஆட்டின் புதுப் புழுக்கையைத் தனித்தனிப் பொட்டலமாக்கி, அருகில் உள்ள கால்நடை மருந்தகத்திலோ மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலோ கொடுத்தால் எந்தப் புழு என்று பார்த்துச் சொல்வார்கள்.

மாடும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆட்டின் இரைப்பைப் புழுக்களில் பெரும்பாலானவை மாட்டில் நன்றாக வளராது. ஆடு மேய்ந்த துண்டை அடுத்து மாட்டுக்கு விட்டால் புல்லில் இருக்கும் குஞ்சுப் புழுக்களை மாடு தின்று அழித்துவிடும். ஆனால் தட்டைப்புழுவுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அது இரண்டையும் தாக்கும்.

கழிகிறது

வயதைப் பாருங்கள். ஒன்று முதல் மூன்று மாதக் குட்டிகள் முக்கி முக்கி, ரத்தமோ சளியோ கலந்து கழிந்தால் ரத்தக்கழிச்சல். நெருக்கமான, ஈரமான கொட்டிலின் நோய். பூச்சி மருந்து கேட்காது, இதைக் கிளப்பும் காக்சிடியா என்னும் நுண்ணுயிருக்கான மருந்து தனி. தரையைக் காய வைத்து, தீவனத் தொட்டியைக் குட்டிகள் ஏறி மிதிக்க முடியாத உயரத்துக்குத் தூக்கிக் கட்டாமல் மருந்து மட்டும் கொடுத்தால் திரும்ப வரும். குளம் வற்றும் காலத்தில் அதன் ஓரத்தில் மேய்ந்த இளம் ஆடுகள் நாற்றத்தோடு தண்ணீராகப் பீச்சினால் இரைப்பைத் தட்டைப்புழுவின் குஞ்சுகள். இரண்டு வயது தாண்டிய ஆடு மாதக்கணக்கில் மெலிந்து, எந்த மருந்துக்கும் மசியாமல் விட்டு விட்டுக் கழிந்தால் ஜோனிஸ் என்னும் நாள்பட்ட குடல் நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் இல்லை, மந்தையிலிருந்து விலக்கிவிடுங்கள்.

காரணம் எதுவானாலும் உடம்பில் தண்ணீர் குறையாமல் பார்க்க வேண்டும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை.

மூக்கு ஒழுகுகிறது, இருமுகிறது, வாயில் புண்

காய்ச்சல், கண் பீளை, மூக்கில் கெட்டிச் சளி, ஈறிலும் நாக்கிலும் தவிடு தூவினாற்போன்ற புண், அதோடு கழிச்சல் என்றால் ஆட்டுக்கொல்லி நோய். வெள்ளாட்டில் இதன் கொடுமை அதிகம். பெரும்பாலும் சந்தையில் வாங்கி வந்த ஆட்டோடு வரும். அய்யலூரோ எட்டயபுரமோ மேலப்பாளையமோ, எந்தச் சந்தையில் வாங்கினாலும் மூன்று வாரம் தனியாகக் கட்டி, கடைசியாகத் தண்ணீர் காட்டிவிட்டுக் கை கழுவுங்கள். தடுப்பூசி ஒரு தடவை போட்டால் மூன்று ஆண்டு தாங்கும். இவ்வளவு மலிவாகத் தடுக்கக்கூடிய ஒன்றுக்கு ஆடுகளை இழப்பது எனக்குப் பொறுக்காது.

செம்மறியின் முகம், உதடு, காது வீங்கி, எச்சில் வடித்து, குளம்பின் மேல்விளிம்பு சிவந்து நொண்டினால் நீலநாக்கு நோய். நாக்கு நீலமாக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், எல்லா ஆட்டுக்கும் அப்படி ஆகாது. கொசு மாதிரிக் கடிக்கும் சிறு பூச்சி பரப்புவது என்பதால் வடகிழக்கு மழைக் காலத்தில் கிளம்பும். அந்திக்குமுன் ஆட்டைப் பட்டிக்குள் கொண்டுவந்து, வேப்பிலை நொச்சி மூட்டம் போட்டு, வாய்ப்புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவி, கம்பங்கூழ் மாதிரி மென்மையானதைக் கொடுங்கள். தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

குட்டிகளின் உதட்டில் மட்டும் கரடுமுரடான பொருக்கு இருந்து, காய்ச்சல் பெரிதாக இல்லை என்றால் வாய்ப்புற அம்மை. மூன்று நான்கு வாரத்தில் தானே ஆறும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், மனிதர் விரலிலும் வரும். வெறும் தும்மலும், மூக்கைத் தரையில் தேய்ப்பதும், தலையை உதறுவதும் மூக்குப்புழுவின் வேலை. ஐவர்மெக்டின் கேட்கும்.

மருந்து புகட்டிய மறுநாள் இருமத் தொடங்கிய ஆட்டுக்கு நோய் வேறெங்கும் இல்லை, மருந்து மூச்சுக்குழாயில் இறங்கியிருக்கிறது. புகட்டும்போது தாடை முதுகு மட்டத்துக்கு மேலே போகக் கூடாது.

நொண்டுகிறது

ஒரு காலைத் தூக்கிப் பாருங்கள். சீமைக்கருவேல முள்ளாகவே முக்கால்வாசி இருக்கும். முள் இல்லை, விரலிடுக்கில் அழுகல் நாற்றம் இருந்தால் குளம்பு அழுகல். வளர்ந்த குளம்பைச் சீவிவிட்டு, லிட்டருக்கு 100 கிராம் துத்தநாக சல்பேட் கரைத்த தொட்டியில் பத்து நிமிடமாவது நிறுத்துங்கள். மயில் துத்தமும் வேலை செய்யும், ஆனால் தாகத்தில் செம்மறி அதைக் குடித்துவிட்டால் விஷம். ஒரே நாளில் பல ஆடும் மாடும் சேர்ந்து நொண்டி, மாட்டின் வாயில் நூல் நூலாக எச்சில் வடிந்தால் கோமாரி. உடனே சொல்லி அனுப்புங்கள், ஆடு மாடு எதையும் வெளியே ஓட்டாதீர்கள்.

தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சுற்றுகிறது

பட்டி நாயைப் பாருங்கள். நாயின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவின் முட்டையை ஆடு தின்றால், அது மூளையில் நீர்க்கட்டியாக வளர்கிறது. ஆட்டுக்கு மருந்தால் பெரிதாகப் பலன் இல்லை. நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிராசிகுவான்டெல் என்னும் நாடாப்புழு மருந்து கொடுப்பதும், அறுத்த ஆட்டின் தலையை நாய்க்குப் போடாமல் இருப்பதும்தான் தீர்வு. சுற்றாமல் வானத்தைப் பார்த்தபடி, கண் தெரியாமல் சுவரில் முட்டினால் அது வேறு, பி1 வைட்டமின் குறைபாடு. முதல் நாளே ஊசி போட்டால் வியக்கும்படி எழுந்துவிடும்.

நிறைசினை ஆடு படுத்துவிட்டது

ஈனுவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது, இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு இரையை விட்டு, மந்தமாகி, மூச்சில் பழம் மாதிரி இனிப்பு வாடை வந்தால் சினைக்கால நஞ்சேற்றம். குட்டிகள் வயிற்றை அடைத்துக்கொள்வதால் தீவனம் போதாமல், உடம்புக் கொழுப்பு கரைந்து நஞ்சாகிறது. குளுக்கோஸ் நரம்பில் ஏற வேண்டும். சுண்ணாம்புச் சத்துக் குறைவும் இதே மாதிரித்தான் படுக்க வைக்கும், அதற்குக் கால்சியம் போட்டால் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். வீட்டில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. கடைசி ஆறு வாரம் தினமும் 200 முதல் 300 கிராம் அடர்தீவனம் கொடுத்தால் பெரும்பாலும் இந்த நிலைக்கே வராது.

பிறந்த குட்டி எழவில்லை

குட்டியின் வாய்க்குள் விரலை விடுங்கள். வாய் சில்லென்று இருந்தால் பால் புகட்டாதீர்கள், விழுங்கத் தெரியாமல் நுரையீரலுக்குப் போகும். முதலில் துணியால் துடைத்து, வெந்நீர் பாட்டில்களுக்கு நடுவே வைத்துச் சூடேற்றுங்கள். வாய் சூடாகி, விரலைச் சப்பத் தொடங்கியதும் சீம்பால். முதல் நாளில் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டு கிலோக் குட்டிக்கு 200 மில்லி. தாய்க்குப் பால் இல்லையென்றால் அன்றைக்கே ஈன்ற வேறு ஆட்டின் சீம்பால், அதுவும் இல்லையென்றால் பசுவின் சீம்பால். தொப்புளுக்கு டிங்சர் அயோடின். தாய் உதைத்துத் தள்ளினால் மடியைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் கல் மாதிரி, சூடாக இருந்தால் மடிநோய், வலியால் தள்ளுகிறது.

கிடா முக்குகிறது, சிறுநீர் சொட்டுகிறது

பக்ரீத் சந்தைக்காகத் தவிடும் தானியமும் போட்டுக் கொழுக்க வைக்கும் கிடாவுக்கு வரும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்து இரண்டு நாள் போக்கிவிடுவார்கள். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், அது சிறுநீர்ப் பாதையில் கல்லாக அடைக்கிறது. அன்றைக்கே மருத்துவரிடம் காட்டாவிட்டால் சிறுநீர்ப்பை வெடிக்கும். மற்றக் கிடாக்களுக்குத் தவிட்டைக் குறைத்து, தாதுஉப்புக் கலவை, கல்லுப்பு, நல்ல தண்ணீர் எந்நேரமும்.

சிறுநீர் அடைக்காமல், ஆனால் காப்பி நிறத்தில் வந்து, கண் மஞ்சளாக இருந்தால் எந்தத் தாதுஉப்பு கொடுக்கிறீர்கள் என்று மூட்டையைப் பாருங்கள். மாட்டுக்கான கலவையில் தாமிரம் அதிகம். செம்மறி அதை வெளியேற்ற முடியாமல் கல்லீரலில் சேர்த்து, ஒரு நாள் மொத்தமாக ரத்தத்தில் கொட்டிவிடும். மாடு, ஆடு இரண்டும் வைத்திருப்பவர்கள் மூட்டையைத் தனித்தனியாக வையுங்கள்.

கோழிகள்

பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கினால் ராணிக்கெட் என்னும் வெள்ளைக்கழிச்சல். வைத்தியம் இல்லை. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. வேறு வழி தேடி நேரம் போக்க வேண்டாம்.

காலையில் பார்த்தால் செத்துக் கிடக்கிறது

கொழுகொழுவென்று இருந்த நல்ல குட்டி, முதல் மழைக்குப் பின் முளைத்த இளம்புல் தின்ற மறுநாள், துள்ளி விழுந்து செத்தால் துள்ளுமாரி. மருந்து கொடுக்க அவகாசமே இருக்காது. ஆண்டுதோறும் மழைக்கு முன் தடுப்பூசி. மேய்ந்து அரை மணிக்குள் மூச்சு வாங்கி விழுந்து, ஈறும் இமையும் செக்கச்சிவந்திருந்தால் வறட்சியில் துளிர்த்த இளஞ்சோளமோ, மரவள்ளித் தழையோ தின்றிருக்கும். அதில் இருக்கும் சயனைடு நஞ்சு. இன்னும் உயிரோடு இருப்பவற்றை உடனே அந்தக் காட்டிலிருந்து ஓட்டிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள், முறிவு மருந்து ஊசியாக இருக்கிறது. சோளத்தைப் பூத்த பிறகு வெட்டுவதும், மரவள்ளித் தழையை வெயிலில் நன்றாகக் காய வைப்பதும் பாதுகாப்பு.

மூக்கிலும் ஆசனவாயிலும் கறுப்பாக, உறையாத ரத்தம் வந்திருந்தால் அடைப்பானாக இருக்கலாம். அந்த ஆட்டை வெட்டாதீர்கள், தோல் உரிக்காதீர்கள், கறி போடாதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள். திறந்தால் கிருமி விதையாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும், மனிதருக்கும் தொற்றும். மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, அவர் வந்து காதிலிருந்து ரத்த மாதிரி எடுத்த பின், ஆறடிக்குக் குறையாத குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கிடந்த இடத்து மண்ணையும் வைக்கோலையும் அதே குழிக்குள் தள்ளி, மேலே முள் போட்டு மூடுங்கள்.